முப்பத்தைந்து விநாடி ஆர்கன்

ஃபாரஸ்டர் இன்னும் சந்துக்குள் நடந்துகொண்டிருந்தார். மைக் முன்னால் அசையாமல் நின்று வாயால் நடந்தார். ஐந்தடி தள்ளி ஒலிக்காரர் ஒரு ஜோடி பூட்ஸைக் கைகளில் மாட்டிக்கொண்டு, சிமெண்ட் பலகையின்மேல் அவருக்காக நடந்தார்.

"இந்த ஊர்ல மழை பெய்யறதில்ல" என்றார் ஃபாரஸ்டர். "மேல் மாடியிலேர்ந்து யாரோ துப்பறாங்க."

கண்ணாடி அறைக்குள் இயக்குநர் கிரேடி விரலைச் சுழற்றினார். சீக்கிரம் முடி என்று அர்த்தம். ஃபாரஸ்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிதானமாக இன்னொரு மூச்சு இழுத்தார்.

"எவ்வளவு?" என்று கிரேடி என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"முப்பத்தஞ்சு விநாடி அதிகம்."

"போன பக்கத்துலயும் அதான சொன்ன?"

"அதேதான். குறையவே இல்ல."

"குறையாது. அவன் சந்துக்குள்ள குடித்தனம் பண்றான்."

துப்பாக்கி வெடித்தது. மிஸாக் மைக்குக்கு வந்து முனகினார். ஒலிக்காரர் மணல் மூட்டையைத் தரையில் போட்டார். ஐவா ஆர்கனை ஓங்கி மிதித்தாள். அறிவிப்பாளர் காப்பி விளம்பரத்தை எடுத்து, கடைசி வாக்கியத்தில் காப்பியின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. இருபத்தொன்பது நிமிடம் முப்பது விநாடி. அதற்கு மேல் ஒரு விநாடிகூட எங்களுடையது இல்லை. நியூயார்க்கில் அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

பணம் போடும் காப்பிக் கம்பெனியின் பெயர் இல்லாமல் டான் கில்பி ரேடியோ நாடகம் முடிந்தது அன்றுதான் முதல் முறை. 1946 அக்டோபர், வியாழக்கிழமை, ஹாலிவுட்டில் மாலை ஆறு மணி.

கண்ணாடி அறையின் தொலைபேசி உடனே அடித்தது. விளம்பரக் கம்பெனி ஆள் ப்ரூயிட் எடுத்தார். "ஆமாங்க சார். இல்லங்க சார். புரியுதுங்க சார்" என்றார். வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யாரு காரணம்னு எழுதிக் குடுக்கணுமாம்" என்றார். "பேரோட."

கிரேடி என்னைப் பார்த்தார். நேரம் பார்ப்பவள் நான்தான். கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் நாடகம், ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் குறித்த நிமிடமும் விநாடியும். ஒத்திகையில் குறித்த நேரத்தோடு ஒப்பிட்டு, ஒளிபரப்பின்போது எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று சொல்வதுதான் என் வேலை. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவள் பன்னிரண்டு விநாடிக்காகப் போனாள். போருக்குப் போன ஆண்கள் திரும்பி வந்து வேலை கேட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

"ஃபாரஸ்டர்" என்றேன். "பதினாறாம் பக்கத்திலேர்ந்து இழுத்தாரு."

அப்போது அதை நம்பித்தான் சொன்னேன். இதைச் சொல்வதால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் முதல் வாக்கியம் பொய்யில்லை என்று பதிவு செய்ய ஆசைப்படுகிறேன்.

ப்ரூயிட் எழுதிக்கொண்டார். கிரேடி, "ராத்திரிக்கு முப்பத்தஞ்சு விநாடி வெட்டு" என்று சொல்லிவிட்டுச் சிகரெட் பிடிக்கப் போனார்.

நாங்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்தோம். மாலை ஐந்தரைக்குக் கிழக்குக் கரைக்காக, அங்கே அப்போது இரவு எட்டரை. எட்டரைக்கு, அதே ஆட்கள், அதே துப்பாக்கி, அதே முனகல், மேற்குக்காக. இடையில் இரண்டரை மணி நேரம். சிலர் எதிரிலிருந்த மதுக்கடைக்குப் போவார்கள். சிலர் சோபாவில் தூங்குவார்கள். மிஸாக் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

நான் காகிதங்களை அடுக்கினேன். நாடகத்தின் கடைசிப் பக்கத்துக்குக் கீழே ஒரு இளஞ்சிவப்புத் தாள் இருந்தது. காலையில் விளம்பரக் கம்பெனியிலிருந்து வந்தது. நடு விளம்பரம் இந்த வாரம் அறுபது விநாடி அல்ல, தொண்ணூற்றைந்து. காப்பியை ஏன் விரும்புகிறேன் என்று இருபத்தைந்து வார்த்தைகளில் எழுதி அனுப்பினால் குளிர்பதனப் பெட்டி பரிசு. போட்டியின் விதிகளுக்காகக் கூடுதல் முப்பத்தைந்து விநாடி.

அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒத்திகையில் விளம்பரத்தை வாசிப்பதில்லை. அறுபது என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவோம். நான் அறுபது என்று எழுதியிருந்தேன். ஒளிபரப்பில் விளம்பரம் ஓடியபோது அடுத்த பக்கத்தின் கணக்கில் இருந்தேன், காதில் வாங்கவில்லை.

தாளில் அந்த முதல் வரியை மட்டும் வாசித்தேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. வாசிக்கவில்லை. யாராவது வருவதற்குள் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். ஃபாரஸ்டரின் பெயர் ப்ரூயிட்டின் நோட்டில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

மிஸாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முழுப்பெயர் மிஸாக் தெர்ஸியன். ஸ்டூடியோவில் வைத்த பெயர் மைக் டெர்ரி. பதினேழு வயதில் ஆர்மீனியாவிலிருந்து ஃப்ரெஸ்னோவுக்கு வந்தவர். திராட்சையை உலர்த்திப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் வேலை. சனிக்கிழமைகளில் ஆர்மீனியக் கோயிலின் கூடத்தில் நாடகம். பிறகு கல்யாணம், இருபது ஏக்கர் தோட்டத்தில் பங்கு, அராக்ஸி என்று ஒரு பெண். உலர்திராட்சை விலை விழுந்த வருடம் பங்கை விற்றுவிட்டு ஒரு நாடகக் கம்பெனியோடு கிளம்பினார். ஆறு மாதத்தில் திரும்புவேன் என்றாராம். இரண்டாவது வருடம் சால்ட் லேக் நகரத்தில் ராஜா வேஷம் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி இறந்தாள். கடிதம் ஊர் ஊராகத் துரத்தி ஒன்பது நாள் கழித்து வந்தது. அராக்ஸிக்கு அப்போது பதினாறு வயது. சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தார். மௌனப் படங்களில் கூட்டத்தில் நின்றார். படம் பேச ஆரம்பித்ததும் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். ரேடியோவில் முகம் வேண்டாம், ஆங்கிலமும் கொஞ்சம் கோணலாக இருந்தால் வசதி. கிரேக்க மதுக்கடைக்காரன், துருக்கி ஒற்றன், இத்தாலிய முடிதிருத்துபவன். எல்லோரும் இரண்டு வரி பேசுவார்கள், மூன்றாவது வரிக்குள் சுடப்படுவார்கள். அவருடைய முனகலுக்கு நல்ல பெயர் இருந்தது. மற்ற நடிகர்கள் சாகும்போதுகூட முனகுவதற்கு அவரைத்தான் மைக்குக்கு அனுப்புவார் கிரேடி. நான் பார்த்த மூன்று வருடத்தில் வாரம் ஒரு தடவையாவது செத்தார். ஒவ்வொரு வியாழனும் சலவை செய்த சட்டை, டை, கோட்டு. ரேடியோவுக்கு எதற்கு டை என்று ஐவா கேட்டால், "பொணத்துக்கு டை கட்டுறது எங்க ஊர் மரியாதை" என்பார்.

ஐந்தாறு வருடம் கழித்து அவரை வில்ஷயர் தெருவில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் யாரோ பார்த்தார்களாம். சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

போருக்கு முன்னால் ஒரு தடவை மகளுக்கு எழுதியிருக்கிறார். ரேடியோவில் வருகிறேன், கேள் என்று. அவள் புருஷன் வீட்டார் பதினான்கு பேரை உட்கார வைத்து ரேடியோவைத் திருப்பினாள். வந்தது ஒரு முனகல். அதை யாருடையது என்று சொல்வது? நாடகத்தின் முடிவில் நாங்கள் ஐந்து வரிக்கு மேல் பேசியவர்களின் பெயரைத்தான் சொல்வோம். மாமனார் ஒரு வாரம் அந்த வீட்டில் முனகிக் காட்டிச் சிரித்தாராம். அதற்குப் பிறகு அவள் பதில் போடவில்லை.

இந்த வாரம் ஏழு வரி. ஐஸ் தொழிற்சாலையின் காவல்காரன். கதை எழுதுபவருக்கு இரண்டு வாரம் காப்பி வாங்கிக் கொடுத்து, காவல்காரனை ஆர்மீனியனாக மாற்றவைத்தார். ஏழாவது வரியைத் தானே சொல்லிச் சேர்க்க வைத்தார். 'நான் போறேன் ஐயா. வீட்ல அராக்ஸி முழிச்சுக்கிட்டிருப்பா.'

அன்று மத்தியானம் ஒத்திகைக்கு முன்னால் என்னிடம் ஒரு அஞ்சலட்டையைக் காட்டினார். மூன்றே சொல். 'சரி. கேட்கிறேன். அராக்ஸி.'

"ஏழு வருஷத்துல இதான் முதல் கடுதாசி, ஓபல் ஜான்" என்றார். என் பெயர் ஓபல். எல்லோர் பெயரோடும் ஜான் சேர்ப்பார். அவர்கள் பாஷையில் கண்ணு மாதிரி. "பேர் சொன்னா நம்பித்தான ஆகணும்? அவ பேரு வேற எந்தக் காவல்காரனுக்குத் தெரியும்?"

"உங்க குரலே தெரியாதா?"

"இருபது வருஷம் ஆச்சு. நான் பேசி அவ கேட்டதைவிட முனகிக் கேட்டதுதான் சமீபம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அட்டையைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

கிழக்குக்கு அந்த ஏழு வரியும் போனது. நன்றாகத்தான் செய்தார். பாஸ்டனிலும் அட்லாண்டாவிலும் அராக்ஸி என்ற பெயர் கேட்டது. ஃப்ரெஸ்னோ மேற்கில் இருந்தது.

முப்பத்தைந்து விநாடியை எங்கே வெட்டுவது என்று உட்கார்ந்தேன். மூன்று இடம் இருந்தது. ஃபாரஸ்டரின் சந்து. பொன்னிறக் கூந்தல்காரியும் ஃபாரஸ்டரும் காரில் பேசும் காட்சி. காவல்காரன்.

முதலில் ஃபாரஸ்டரிடம் போனேன். ஒப்பனை அறை என்று ஒன்று எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் அதில்தான் இருந்திருப்பார். பியானோவின்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்டர் ஃபாரஸ்டர், சந்துல ஒரு பத்தி எடுத்துக்கலாமா?"

"எந்தப் பத்தி?"

"மழை."

"மழையா? பாப்பா, அந்த மழைக்குத்தான் ஜனங்க ரேடியோவத் திருப்பறாங்க. காப்பி குடிக்கவா திருப்பறாங்க?" பிறகு குரலைத் தணித்தார். "ப்ரூயிட் நோட்டுல என் பேரு இருக்காமே. யாரு சொன்னது?"

"தெரியல."

"தெரிஞ்சுக்குவேன்."

திரும்பி வந்தேன். காரில் பேசும் பெண் கிரேடியின் மனைவியின் தங்கை. பதினேழாம் பக்கத்தைத் திறந்து, காவல்காரன் வாயைத் திறக்கும் இடத்திலிருந்து மூடும் இடம் வரை குறுக்குக் கோடு போட்டேன். ஃபாரஸ்டருக்கு ஒரு வரி எழுதினேன். 'காவல்காரனைக் கேட்டேன். லாரி பின்வாசல் வழியாகப் போனதாம்.' காட்சி நாற்பது விநாடி. இந்த வரி ஐந்து. மீதி முப்பத்தைந்து. கச்சிதம். எனக்கு ஒரு கணம் திருப்திகூட வந்தது.

சத்தம் போடமாட்டார் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மிஸாக் படிக்கட்டுக்கு அடியில் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். திராட்சை இலையில் சுருட்டிய சோறு, ஒரு துண்டு வெள்ளைப் பாலாடைக்கட்டி. டையில் படாமல் இருக்கக் கைக்குட்டையைக் கழுத்தில் செருகியிருந்தார்.

"வா, ஒண்ணு எடுத்துக்க. இன்னிக்கி நானே சுருட்டினது."

"மிஸாக், ராத்திரிக்குக் காவல்காரன் இல்ல."

அவர் மென்றுகொண்டிருந்ததை மென்று முடித்தார்.

"ஏழு வரியுமா?"

"ஏழும்."

"நாலு இருக்கட்டுமே. மூணு? கடைசி வரி மட்டும் போதும். அது மூணு விநாடி. நான் வேகமா சொல்லிடறேன்."

"காட்சியே இல்லாம கடைசி வரி எப்படி..."

"ஆமா. ஆமா. எங்கிருந்தோ ஒருத்தன் வந்து, வீட்டுக்குப் போறேன்னா பைத்தியக்காரன்னு நெனைப்பாங்க." கைக்குட்டையை உருவினார். "யாரு சொன்னது?"

"காப்பிக் கம்பெனி" என்றேன்.

"காப்பிக் கம்பெனிக்கு நான்னு தெரியுமா?"

"உங்களையில்ல. நேரத்தைத்தான்."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ, பாவம்" என்றார். "உன்னை அனுப்பிட்டாங்களா சொல்றதுக்கு? அவங்களுக்கு வெக்கம். மூஞ்சியப் பார்த்துச் சொல்ல மாட்டாங்க. நீயாவது வந்த." ஒரு சுருளை எடுத்து என் கையில் வைத்தார். "சாப்பிடு. வெறும் வயித்துல நிக்காத."

சாப்பிட்டேன்.

எட்டு மணிக்கு அவர் கீழே தொலைபேசிக் கூண்டுக்குப் போனார். மகளிடம் முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று. லைன் கிடைக்கவில்லை. ஃப்ரெஸ்னோவில் அது பல வீடுகளுக்குப் பொதுவான கூட்டு லைன், பக்கத்துத் தோட்டத்துக்காரி யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தாளாம். எட்டு இருபத்தைந்துக்கு மேலே வந்து தன் இடத்தில் நின்றார். காவல்காரன் இல்லாவிட்டாலும் முனகல் இருந்தது.

எட்டரை. சிவப்பு விளக்கு. ஃபாரஸ்டர், டான் கில்பியாகி, பிணவறையில் பிணத்திடம் நெருப்புப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். பதினான்காவது நிமிடம் நடு விளம்பரம். நான் தொண்ணூற்றைந்து விநாடிக்குத் தயாராக இருந்தேன். அறிவிப்பாளர் பழைய விளம்பரத்தைப் படித்தார். காலையில் எழுந்ததும் மூக்குக்கு வரும் மணம். மனைவியின் புன்னகை. அறுபது விநாடி. முடித்துவிட்டுத் தாளைக் கீழே போட்டார்.

நான் கைப்பையைத் திறந்து இளஞ்சிவப்புத் தாளைப் பிரித்தேன். இரண்டாவது வரி: போட்டி ராக்கி மலைக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு மட்டும். மூன்றாவது வரி: மேற்கு ஒளிபரப்பில் வழக்கமான விளம்பரத்தையே படிக்கவும்.

வெட்ட வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. வெட்டாமல் விட்டிருந்தால் விநாடி பிசகாமல் முடிந்திருக்கும்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் முடிந்து இரண்டு விநாடி. பதினேழாம் பக்கம் வருவதற்கு இன்னும் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அது ஏராளமான நேரம். கிரேடி இதை முன்பு செய்திருக்கிறார். பக்க எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுவார், கட்டைவிரலை மேலே காட்டுவார், வெட்டியது திரும்ப வந்துவிடும். நடிகர்கள் கோடு போட்டதைக் கிழித்துப் போடுவதில்லை. மிஸாக்கின் கையில் பதினேழாம் பக்கம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஐவாவின் ஆர்கனுக்குப் பக்கத்தில், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். பதினேழைத் திரும்பச் சேருங்கள், எனக்குத் தவறு நேர்ந்துவிட்டது. முதல் பாதியை மட்டும் சொன்னால் கிரேடி ஏன் என்று கேட்பார். ப்ரூயிட் அவர் தோளுக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு?" என்றார் கிரேடி.

"சரியா இருக்கு" என்றேன்.

பதினாறாம் பக்கம்.

"எவ்வளவு?"

"சரியா இருக்கு."

பதினேழாம் பக்கம் வந்தது. ஃபாரஸ்டர் நான் எழுதிய வரியைச் சொன்னார். 'காவல்காரனைக் கேட்டேன். லாரி பின்வாசல் வழியாகப் போனதாம்.' மிஸாக்கின் உதடு அசைந்தது. ஏழு வரியையும் அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன். கார் கதவு சாத்தப்பட்டது. கதை அடுத்த காட்சிக்குப் போனது.

இருபத்தாறாம் பக்கத்தில், அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "முப்பத்தஞ்சு குறையுது" என்றேன்.

கிரேடி திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார். "இப்ப சொல்ற? இவ்வளவு நேரம் சரியா இருந்துச்சே?"

"ஃபாரஸ்டர் ஓட்டிட்டாரு."

"நாய்ப்பய. சாயங்காலம் இழுத்தான்னு சொன்னதுக்குப் பழி வாங்கறான்."

ஃபாரஸ்டர் ஒரு விநாடிகூட ஓட்டவில்லை. அன்று அவரைப் போல் நேர்த்தியாக யாரும் செய்யவில்லை. ப்ரூயிட் மறுபடியும் எழுதினார்.

துப்பாக்கி வெடித்தது. மிஸாக் மைக்குக்கு வந்து முனகினார். பிறகு காப்பி விளம்பரம், அதன் பெயர் தெளிவாக இரண்டு முறை. பிறகு நடிகர்களின் பெயர்கள். மைக் டெர்ரி என்ற பெயரையும் நான் பட்டியலிலிருந்து அடித்திருந்தேன். ஐந்து வரி விதி. இன்னும் முப்பத்தைந்து விநாடி மிச்சம். கிரேடி இரண்டு கையாலும் மிட்டாயை இழுப்பதுபோல் காற்றை இழுத்தார். நீட்டு என்று அர்த்தம். ஐவா நீட்டினாள். தொடங்கிய மெட்டையே திரும்ப வாசித்தாள், பிறகு கீழ்ச்சுருதியில் வாசித்தாள், பிறகு ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள். சியாட்டலிலிருந்து சான் டியாகோ வரை அதுதான் கேட்டது. நான் முப்பத்தைந்து வரை எண்ணினேன். எண்ணுவதுதான் என் வேலை.

கீழே இறங்கியபோது தொலைபேசிக் கூண்டின் கதவு திறந்திருந்தது. மிஸாக் உள்ளே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆர்மீனியனில் பேசினார், நிறுத்தினார், கேட்டார். ப்ரூயிட்டும் கிரேடியும் நான்கடி தள்ளி வாசலில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓபல் ஜான்!" என்றார் மிஸாக். "கொஞ்சம் வாம்மா. நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. காகிதத்துல என் பேரு இருந்துச்சு, ஏழு வரி இருந்துச்சு, அவ்வளவு சொன்னாப் போதும்."

தொலைபேசிக் குழலை வாங்கினேன். சூடாக இருந்தது.

"நான் ஓபல். ஸ்டூடியோவுல வேலை பாக்குறேன். உங்கப்பாவுக்கு இன்னிக்கி ஏழு வரி இருந்தது. உங்க பேருகூட வந்தது. கிழக்குக்குப் போச்சு. மேற்குக்கு மட்டும் வெட்டிட்டாங்க."

"யாரு வெட்டினது?" குரல் மென்மையாக இல்லை. பின்னால் ஒரு குழந்தை முனகுவதுபோல் சத்தம் போட, வேறு யாரோ சிரித்தார்கள்.

"காப்பிக் கம்பெனி. நேரம் போதல."

"நீங்க அங்க என்ன வேலை?"

"நேரம் பாக்குறது."

"ஓ. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கடைசியில ஆர்கன் மட்டும் வாசிச்சாங்களே, அது எவ்வளவு நேரம்? எங்க மாமனாரு ரேடியோ கெட்டுப்போச்சுன்னு தட்டிப் பாத்தாரு."

"முப்பத்தஞ்சு விநாடி."

"அப்பா பேச வேண்டியது?"

நான் குழலை மறு காதுக்கு மாற்றினேன்.

"சொல்லுங்க. நேரம் பாக்குறவங்கதான?"

"நாப்பது."

"நேரம் போதலன்னு மனுஷனை வெட்டிட்டு, அந்த நேரத்துக்கு ஆர்கன் வாசிக்கிறாங்களா? எந்த ஊர்ல?"

மிஸாக் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரூயிட் தீக்குச்சியை உதறிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். அது வெறும் திரும்பல்தான். என் தவறு, உங்கள் அப்பா சொல்வது உண்மை, நான்தான் வெட்டினேன், வெட்டியிருக்க வேண்டியதில்லை. நான்கு துண்டு வாக்கியம். ஆறு விநாடிக்குள் சொல்லலாம்.

"அது வந்து... கம்பெனி முடிவு. எனக்குத் தெரியாது" என்றேன்.

"எவ்வளவு குடுத்தாரு உனக்கு?" என்றாள். "நல்லாதான் நடிக்கற. அவரைவிடத் தேவல. அவர்கிட்ட சொல்லு, அடுத்த தடவை பொய் சொல்ல ஆள் பிடிச்சா கணக்கு தெரியாதவளாப் பிடிக்கச் சொல்லு."

வைத்துவிட்டாள்.

குழலை மாட்டினேன்.

"கட்டாயிடுச்சா?" என்றார் மிஸாக்.

"லைன் போயிடுச்சு."

"நம்பினாளா?"

"நம்பின மாதிரிதான் இருந்தது."

அவர் தலையை ஆட்டினார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்தினார். "நீ இல்லாட்டா என்ன பண்ணியிருப்பேன்" என்றார். வாசலில் கிரேடிக்கும் ப்ரூயிட்டுக்கும் குட்நைட் சொல்லிவிட்டு டிராம் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். மகளுக்கு அவர் அதற்குப் பிறகு எழுதினாரா, அவள் என்ன பதில் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன். ஃபாரஸ்டரின் சம்பளத்தில் அபராதம் பிடிப்பதாக விளம்பரக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அதை நான்தான் நகல் எடுத்துக் கோப்பில் வைத்தேன். பத்தரைக்கு அடுத்த வார நாடகம் வந்தது. ஒரு கப்பல் சமையல்காரன், கிரேக்கன், ஆறு வரி, இருபதாம் பக்கத்தில் சாகிறான். மிஸாக்கைக் கூப்பிடலாமா என்று கிரேடி கேட்டார். அவருக்கு இருமல் வருகிறது, மைக்கில் கேட்கும் என்றேன். அப்படியா, நான் கவனிக்கவில்லையே என்றார். ஒத்திகையில் இரண்டு முறை வந்தது என்றேன். அவர் வேறொருவருடைய பெயரை எழுதினார். நான் அந்த ஆளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மத்தியானம் தக்காளி சூப் குடித்தேன். நாலரை மணி வரை தட்டச்சு செய்தேன். ஐந்து மணிக்குக் கிளம்பினேன்.